சில்லுக்குக் கீழே தேசிக்காய்

பானை பறந்ததை நான் காணவில்லை அண்ணை. நான் கண்டது மூடியை மட்டும்தான். அது உறைந்த ஏரிக்கு மேலே வெயிலில் மினுங்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு வடிவாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் சித்தப்பாவின் சத்தம் கேட்டது.

நீங்கள் கேட்ட ஜாக்கெட் அதுதான். வெளியில் வாசலடியில் விறைத்துத் தொங்குகிறதே, உள்ளே ஆள் இல்லாமலே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அது சித்தப்பாவுடையது. முதுகில் ஒட்டியிருப்பது சேறில்லை. கூழ். பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ். கழுத்துப் பட்டியில் ஒரு நண்டுக்கால்கூட இருக்கிறது. இழுத்தால் துணியும் சேர்ந்து கிழியும் என்று சித்தி அப்படியே விட்டிருக்கிறார். பனி உருகட்டும், தானாக விழும்.

அந்தக் கதிரையில் இருக்காதேங்கோ, அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் இருங்கோ. இழுவை வண்டிக்காரன் ‘இப்ப வாறன்’ என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் பின்னேரம் என்று அர்த்தம். உங்கள் கார் பள்ளத்துக்குள் பத்திரமாகத்தான் கிடக்கும், இந்தக் குளிரில் அதை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. கோப்பியைக் குடியுங்கோ. கதையை நான் சொல்கிறேன். கொஞ்சம் மெல்லிய குரலில்தான் சொல்வேன். சித்தி உள்ளே குசினியில் நிற்கிறார்.

எனக்குக் கதையை இழுத்து இழுத்துச் சொல்கிற ஆட்களைப் பிடிக்காது. கள்ளன் ஆர் என்று அவர்களுக்கு முதலே தெரியும், ஆனால் கடைசி வரைக்கும் சொல்லமாட்டார்கள். நான் இப்பவே சொல்லிவிடுகிறேன். கள்ளன் ஒரு தேசிக்காய். இந்தியாக்காரர் எலுமிச்சம்பழம் என்பார்களே, அது. ஸ்காபரோவில் தமிழ்க்கடையில் வாங்கினது. இனி நீங்கள் மண்டையைப் போட்டு உடைக்கத் தேவையில்லை.

என் பெயர் யதுசன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அவர்கள் துரத்தவில்லை, நானாகத்தான் விட்டேன். இதைச் சொன்னவுடன் எல்லாரும் ஒரே மாதிரி ஒரு முகம் வைப்பார்கள், இப்போது நீங்களும் வைக்கிறீர்கள். பரவாயில்லை. கணக்கு வாத்தியார் ஒருநாள், இந்தப் பாடம் வாழ்க்கையில் எங்கே உதவும் என்று ஆராவது சொல்லுங்கோ என்றார். ஓரிடத்திலும் உதவாது சேர் என்றேன். கேட்டதற்குத்தானே சொன்னேன்? எனக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று வைக்கத் தெரியாது. அதுதான் என் வியாதி என்று அம்மா சொல்வார்.

அப்பா கன நாள் என்னோடு கதைக்கவில்லை. கதைத்தபோது ஒரே வசனம். ‘வடக்க போய்ச் சித்தப்பாவின்ர காஸ் ஸ்டேசன்ல நில்லு, குளிர் பட்டா புத்தி வரும்.’ வந்து இந்தக் குளிர் முழுக்கப் பட்டுவிட்டேன். புத்தி வரவில்லை, மூக்கில் தோல்தான் உரிந்தது. பனி உருகுவதற்குள் ஒரு தொழில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பப் பள்ளிக்கூடம். அதுவும் பெரிய ஆட்கள் படிக்கிற பள்ளிக்கூடம். பக்கத்து மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மாமா இருந்து, ‘தம்பி, இந்தக் கணக்கு எப்பிடி?’ என்று என்னைக் கேட்பார். 

சித்தப்பாவுக்குக் குளிர்காலத்தில் இரண்டு வியாபாரம். ஒன்று இந்தக் காஸ் ஸ்டேசன். மற்றது ஏரியில். ஏரி உறைந்தவுடன் இந்த ஊர் ஆட்கள் அதற்கு மேலே குட்டிக் குட்டிக் குடில்களை இழுத்துக்கொண்டுபோய் வைத்து, ஐஸில் ஓட்டை போட்டு, நாள் முழுக்க மீன் பிடிப்பார்கள். முதலில் சித்தப்பா அவர்களுக்கு ரோல்ஸ் கொண்டுபோனார். ஒருநாள் சித்தி தங்களுக்கென்று காய்ச்சின கூழில் கொஞ்சத்தையும் சும்மா கொண்டுபோனார். முடிந்தது. இங்கே பாதி ஊர் பின்லாந்திலிருந்து வந்த சனம், மீனை எதற்குள் போட்டாலும் குடிக்கும். அடுத்த சனிக்கிழமை ரோல்ஸை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. ‘அந்த மண்ணிறச் சூப் எங்கே?’ என்றுதான் கேட்டார்கள்.

கூழைக் கொண்டுபோவது ஸ்னோமொபைலில். பார்த்திருப்பீர்கள்தானே, பனியில் ஓடுகிற வண்டி. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு அகலமான ஒரு ரப்பர்ப் பட்டி, காருக்குப் போல வெளியில் சில்லுத் தெரியாது. சித்தப்பாவின் வண்டி மரக்குற்றி இழுக்கவென்று செய்த பழைய வேலை வண்டி. ஏரி தட்டையாகத்தானே இருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். காற்று அந்தப் பனியை அடித்து அடித்து, எங்கள் ஊர்த் தோட்டத்து வரம்புகள் மாதிரி வரிசையாகக் கட்டி வைத்துவிடும். ஒவ்வொரு வரம்பிலும் பானை ஒரு சத்தம் போடும், சித்தப்பாவின் முள்ளந்தண்டு ஒரு சத்தம் போடும். பானைச் சத்தம் எது, முதுகுச் சத்தம் எது என்று பழகப் பழகத் தெரியும்.

ஏரிக்கரையில் ஸ்னோமொபைல் திருத்துகிற கராஜ் ஒன்றிருக்கிறது. முதலாளி முழங்கால் வருத்தத்தோடு புளோரிடாவுக்குப் போய்விட்டார். நடத்துவது மகள், கைசா. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. சிகரெட்டை விட்டதிலிருந்து வாயில் எப்போதும் குச்சி மிட்டாய். அவளுக்கு ஒரு உதவியாள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அவள் இங்கிலீசில் கதைத்ததைத் தமிழில் சொல்கிறேன். தமிழில் கொஞ்சம் மரியாதை கூடிவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

“உனக்கு என்ன தெரியும்?”

“எல்லாம் தெரியும்.”

“எங்க பழகினாய்?”

“வீடியோவில.”

மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினாள். “உன்ர சித்தப்பாவின்ர வண்டிதான் இந்த ஊரிலேயே மோசம். அவர் போறதைப் பாத்தா எனக்கு முதுகு நோகுது. அதை நல்லாக்கிக் காட்டு, பாப்பம்.”

கராஜுக்குப் பின்னால் ஒரு துள்ளல் வண்டி கிடந்தது. பந்தயத்துக்கு ஓடுகிற ரகம். ஒரு மரத்தோடு மோதியிருக்கிறது. மரத்துக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்கு முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது, ஆனால் பின்பக்கத்துக் குலுக்கலை வாங்குகிற ஷொக் இரண்டும் புதிது போல இருந்தன. அதே கம்பனி, வேறு மொடல். கைசா அளவு நாடாவைப் பிடித்துக் காட்டினாள், ஆணி ஓட்டையிலிருந்து ஆணி ஓட்டை மட்டும் சித்தப்பாவின் வண்டி ஷொக்கின் அதே நீளம். ஆனால் இவற்றின் தலையில் ஒரு சின்னக் குமிழ். ஒரு பக்கம் திருகினால் இறுகும், மற்றப் பக்கம் திருகினால் இளகும். திருகும்போது கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன் என் வாழ்க்கை இதுதான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

“கழட்டிக்கொண்டு போ,” என்றாள். “ஒவ்வொரு நாளும் ஓடி முடிஞ்சாப் பிறகு வண்டியைச் சரிச்சுப்போட்டு, அடியில பிடிச்ச பனியைத் தட்டு. குமிழைத் தொடுறதுக்கு முதல் அடியில பார். மீன்பிடிப் போட்டி நாளன்று நான் தூரத்துக் குடிலடியில ஒரு வெறும் கோப்பையோட நிப்பன். பானை நிறைய வந்தா வேலை உனக்கு.”

ஓம், ஓம் என்றேன். வாத்தியாருக்குச் சொல்கிற ஓம். பனி தட்டுகிற வேலைக்கு ஷொக் பூட்டத் தெரிந்தவன் எதற்கு என்று மனதுக்குள் நினைத்தேன்.

பூட்டினேன் அண்ணை. பின்னால் இருக்கிற கொட்டிலுக்குள், கூரை வளையில் கயிறு போட்டு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டிவைத்துக்கொண்டு, நானே தனியாகப் பூட்டினேன். ஸ்பிரிங் ஒன்று கையை விட்டுப் பறந்து, சித்தி இறைச்சி வைக்கிற பெட்டியின் மூடியில் ஒரு குழி. அதற்குச் சித்தி, “மூடி போனாப் போகட்டும், கண் தப்பிச்சுதே,” என்றார். கடைசியில் ஒரு வாஷர் மிஞ்சியது. வீடியோவில் அப்படி ஒன்றும் மிஞ்சவில்லை. காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இந்தா, இதுதான். எங்கே பூட்ட வேண்டியது என்று உங்களுக்குத் தெரியுமா? சரி விடுங்கோ.

புதுச் சாமான் பூட்டினால் புது வண்டிதானே என்று சித்தி தட்டத்தோடு வந்துவிட்டார். முன்மூடியில் சந்தனம், குங்குமம். பிறகு கற்பூரத்தைப் பற்றவைத்தார். சித்தப்பா ஓடிவந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“இஞ்சாரும்! உமக்கு விசரோ? பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில நிண்டு கற்பூரம் காட்டுறீர்!”

“ரெண்டு சுத்துத்தானே.”

“ரெண்டு சுத்தில காஸ் ஸ்டேசனே போகும்!”

கற்பூரத்தைப் பனியில் போட்டு மிதித்தார். சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, தேசிக்காயையாவது ஒழுங்காக வைப்போம் என்று பையை எடுத்தார். வண்டிக்கு முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார்.

“யது, இதுக்குச் சில்லு எங்கையடா? சில்லுக்குக் கீழயெல்லோ வைக்கவேணும்.”

“உள்ளுக்கு இருக்கு சித்தி. அந்த ரப்பர்ப் பட்டிக்குள்ள எட்டிப் பாருங்கோ, குட்டிக் குட்டிச் சில்லு.”

கேட்டதற்குத்தானே சொன்னேன்? சித்தி முழங்காலில் இருந்து, கைவிளக்கை அடித்து, கையை முழங்கை மட்டும் உள்ளே விட்டு, ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். மோட்டர் சைக்கிளுக்கு வைக்கிற மாதிரி பாதையில் வைத்திருந்தால் நசிந்திருக்கும், அல்லது உருண்டு போயிருக்கும். இவர் வைத்தது வண்டியின் வயிற்றுக்குள். நான் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். “ஓடேக்க நசியும்,” என்றும் சொன்னேன். மெக்கானிக் சொன்னால் சித்தி நம்பத்தானே வேண்டும்.

அன்றைக்கு ஓடவில்லை. பனிப்புயல் வந்து, நாங்கள் கதவைத் திறக்கவே வழியில்லாமல் போய்விட்டது. புயல் அடங்கி நான் வண்டியை எடுத்தபோது அவை தேசிக்காய் இல்லை, கல். உள்ளே கடக், கடக் என்று ஒரு சத்தம். சித்தப்பா, “என்னடா சத்தம்?” என்றார். புது ஷொக் பழகும் மட்டும் அப்படித்தான் கேட்கும் என்று விளக்கம் கொடுத்தேன். கொஞ்சத் தூரம் போனவுடன் சத்தம் நின்றுவிட்டது. பார்த்தீர்களா சித்தப்பா, பழகிவிட்டது என்றேன். இரண்டு போய் உள்ளே ஷொக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகிக்கொண்டதுதான் அந்த நிசப்தம்.

முதல் வரம்பில் ஏறினேன். படிக்கட்டில் கதிரையோடு விழுந்திருக்கிறீர்களா அண்ணை? அப்படி. பல்லு மோதின சத்தம் எனக்கே வெளியில் கேட்டது. பந்தய ஷொக் இல்லையா, இறுக்கமாகத்தான் இருக்கும் என்று குமிழை இளக்கினேன். கிளிக். மாற்றமில்லை. கிளிக், கிளிக். மாற்றமில்லை. குமிழ் இனித் திரும்பாது என்கிற மட்டும் திருகினேன். பிறகு ஸ்பிரிங்கை இளக்கினேன். பிறகு குளிரில் ஷொக்குக்குள் எண்ணெய் தடித்துப் போயிருக்கும் என்று ஒரு பரிசோதனை. சித்தி தலைமயிர் காயவைக்கிற மெசினைக் கொண்டுபோய் ஷொக்குக்குப் பிடித்தேன். மேலேதான் பிடித்தேன். கீழே பிடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒவ்வொரு நாளும் ஓட ஓட, அந்தத் தேசிக்காயைச் சுற்றிப் பனி இறுகி, ஐஸாகி, தேங்காய் அளவுக்கு வந்திருக்கிறது. நான் மேலே இருந்து கிளிக், கிளிக்.

கடைசியில் எனக்குக் காரணம் பிடிபட்டது. காரணம் சித்தப்பா.

“சித்தப்பா, நீங்கள் பாரம் காணாது.”

“என்னடா சொல்றாய்?”

“இந்த ஷொக்குக்கு உங்கட பாரம் காணாது. கொஞ்சம் கூடச் சாப்பிட்டா இது நல்லா இறங்கும்.”

“டொக்டர் குறைக்கச் சொல்றான், நீ கூட்டச் சொல்றாய். ரெண்டு பேரிலயும் ஆரடா படிச்சவன்?”

“டொக்டர் ஸ்னோமொபைல் ஓடுறவரே?”

சித்தப்பா நல்ல மனிதர். இருக்கைக்குப் பின்னால் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தார். திரும்பி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, “பழசு என்னை அடிச்சது யது. இது என்னோட கோவம் கொண்டாடுது,” என்றார். பழைய ஷொக்கையே பூட்டு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் அவசரம். நான் வந்ததிலிருந்து காஸ் அடிக்க வருகிற ஆட்களிடம் நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று அவருக்கு ஒரே பயம்.

கைசா ஒருநாள் போன் எடுத்தாள். “எப்பிடிப் போகுது?” நல்லாப் போகுது என்றேன். “பனி தட்டுறியா?” தட்டுகிறேன் என்றேன். பொய் இல்லை, ஒருமுறை போகிற போக்கில் காலால் தட்டினேன்.

போட்டி நாள் வந்தது. சித்தி விடிய முன்னமே எழும்பிக் கூழ் காய்ச்சினார். இருக்கிறதில் பெரிய பானை. ஊர் முழுக்க ஏரியில் நின்றது. சின்னப் பிள்ளைகள், நாய்கள், ஒலிபெருக்கியில் மீன் நிறை சொல்கிற ஒருத்தன். தூரத்துக் குடிலடியில் கைசா, கையில் வெறும் கோப்பை. நான் முதலே போய் அவளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, மெக்கானிக் மாதிரி நின்றேன். கரையிலிருந்து சித்தப்பா வெளிக்கிட்டார். பின்னால் பெட்டிக்குள் பானை, மூடிக்கு மேலே கயிறு. கயிறு கட்டினதும் நான்தான். அதை ஏன் இப்போது கேட்கிறீர்கள்?

குடிலுக்குக் கிட்டத்தான் கடைசி வரம்பு. எல்லாவற்றிலும் பெரிது. நல்ல ஷொக் என்றால் பின்பக்கம் அமர்ந்து, எழும்பி, ஒன்றும் நடவாதது போல வரும். எங்களுடையது அமரவில்லை. முழு வண்டியும் ஒரு பலகை மாதிரி பின்பக்கத்தைத் தூக்கி ஒரு உதை உதைத்தது. அப்போதுதான் நான் அந்த மூடியைக் கண்டேன்.

சித்தப்பா ஐஸில் இருந்துகொண்டு முதலில் “சுடுது, சுடுது!” என்று கத்தினார். உள்ளே அவ்வளவு உடுப்பு இருந்தபடியால் தோலுக்கு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் “குளிருது!” என்றார். பிறகு சத்தமே இல்லை, ஜாக்கெட் இறுகி அவரால் திரும்ப முடியவில்லை. நாலு பேராகப் பிடித்து, அலுமாரியை நிமிர்த்துகிற மாதிரி நிமிர்த்தினோம். ஒரு நாய் நண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. தாடிக்காரக் கிழவர் ஒருத்தர் பனியிலிருந்து ஒரு கரண்டி வழித்து வாயில் வைத்துப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையாகத்தான் சொன்னாரோ தெரியாது. இன்னொரு கரண்டியும் வழித்தார்.

கைசா தன் கோப்பையைக் கவிழ்த்து, அதற்குள் ஏதோ இருந்தது மாதிரி, இரண்டு தட்டுத் தட்டினாள்.

வண்டியைத் தன் கராஜுக்குக் கட்டி இழுத்தாள். உள்ளே நல்ல சூடு. பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, மிட்டாயை உறிஞ்சிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். நான் ஷொக்கின் குறைகளை எல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். எண்ணெய்த் தடிப்பு, சித்தப்பாவின் பாரம், மரத்தோடு மோதினபோது உள்ளே ஏற்பட்டிருக்கக்கூடிய காயம். அடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பிறகு, நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே, வண்டி ‘உஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டு, பின்பக்கம் மெல்ல அமர்ந்தது. பச்சையாக ஒன்று உருண்டு வந்து அவளுடைய சப்பாத்தில் முட்டி நின்றது. ஊறுகாய் மணம்.

“இது என்ன?”

“தேசிக்காய்.”

“ஏன்?”

சொன்னேன். புது வண்டி என்றால் சில்லுக்குக் கீழே வைப்போம், நசித்துக்கொண்டு போனால் நல்லது என்றேன்.

“நசியாட்டி?”

“அதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவள் சிரித்த சிரிப்பில் மிட்டாய் விழுந்துவிட்டது. நிலத்தில் இருந்துகொண்டு சிரித்தாள். புளோரிடாவுக்குப் போன் எடுத்துத் தகப்பனுக்குச் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் இரண்டாவது தேசிக்காயும் விழுந்தபோது நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு அடியை முழுக்கத் துப்புரவாக்கி, நான் இளக்கினதை எல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்து, என்னைப் பின்னால் ஏற்றிக் கையில் ஒரு கோப்பை கோப்பியைத் தந்து, அதே ஏரிக்குக் கொண்டுபோனாள். அதே பெரிய வரம்பு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஏறினதும் தெரியவில்லை, இறங்கினதும் தெரியவில்லை. என் கையுறையில் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

“பூட்டினது சரி,” என்றாள்.

மிஞ்சின வாஷரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

“திங்கட்கிழமை வா. அதுக்கு முதல் ஒரு வேலை இருக்கு. தேசிக்காய் வைச்சது ஆர்?”

“சித்தி.”

“அப்ப சித்திக்குப் போய்ச் சொல்லு, அதாலதான் ஷொக் வேலை செய்யேல்லை எண்டு. பழுது என்னெண்டு ஆக்களுக்கு நேர சொல்லாம இந்தக் கராஜில இருந்து ஒரு வண்டியும் வெளிய போறேல்லை. நீ சொல்லாட்டி அவ அடுத்த வண்டிக்கும் வைப்பா. சொல்லிப்போட்டு வா.”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணை. ஆட்களுக்கு நேரே சொல்வது எனக்கு ஒரு வேலையா? பள்ளிக்கூடம் முழுவதற்கும் சொல்லிவிட்டுத்தானே இங்கே வந்து நிற்கிறேன். வரும் வழியிலேயே வசனத்தை அடுக்கிவிட்டேன். ‘சித்தி, உங்கட தேசிக்காயாலதான் எல்லாம் போனது.’ சின்ன வசனம்.

உள்ளே வந்தால், சித்தப்பா அந்த ஆட்டக் கதிரையில் குப்புறக் கவிழ்ந்தபடி. சித்தி ஒரு கையால் அவருடைய முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, மற்றக் கையில் போன். அந்தப் பக்கம் என் அம்மா.

“ஓம் அக்கா, பானைதான் போனது. மனுசன் முழுசா இருக்கிறார். அண்டைக்குக் கற்பூரத்தை இவர் மிதிச்சவர், எனக்கு அப்பவே நெஞ்சு திக்கெண்டது. நல்ல காலம் தேசிக்காயை வைச்சன். வர இருந்ததை அது வாங்கிக்கொண்டு போட்டுது அக்கா. உங்கட பெடியனை இவர் ஏச வெளிக்கிட்டவர், நான் விடேல்லை. அவன் ராப்பகலா நிண்டு பூட்டினவன், அவனில ஒரு பிழையும் இல்லை, ஊர்க் கண்ணூறு.” என்னைக் கண்டவுடன் போனைப் பொத்திக்கொண்டு, “யது, உனக்குக் கூழ் எடுத்து வைச்சனான், சூடாக்கிக் குடி,” என்றார். முழுப் பானையும் ஏரியில். எனக்கென்று ஒரு கோப்பை முதலே எடுத்து வைத்திருக்கிறார்.

“சித்தி,” என்றேன்.

“என்னடா?”

“அந்தத் தேசிக்காய்...”

“ஓமடா, வைக்காம விட்டிருந்தா!”

கூழைக் குடித்தேன். நல்லாத்தான் இருந்தது.

திங்கட்கிழமை முந்தாநாள் வந்து போய்விட்டது. கைசாவிடமிருந்து ஒரு செய்தி. ‘சொன்னியா?’ இல்லை என்று போட்டேன். பொய் சொல்லத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ‘அப்ப வராத’ என்று திரும்பிப் போட்டாள். நேற்றும் அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு இன்னொரு பெடியன் விண்ணப்பம் கொடுத்திருக்கிறானாம், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாளாம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சித்தி அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பா போனை வாங்கி என்னோடு இரண்டு வசனம் கதைத்தார். முதல்முறை.

இன்று காலையில் சித்தி பிடித்துக்கொண்டார். “ஏன்டா இன்னும் வீட்டில நிக்கிறாய்? வேலைக்குப் போகேல்லையே?”

“ஒரு வேலை முடிச்சுப்போட்டு வரட்டாம் சித்தி.”

“என்ன வேலை?”

“சின்ன வேலை.”

“சின்ன வேலையெண்டா ஏன் இழுத்தடிக்கிறாய்? உன்னில ஒரு நம்பிக்கை வைச்சுத்தானே அந்தப் பெட்டை சொல்லியிருக்கு. போ, முதல் அதைச் செய். செய்துபோட்டு வந்து சாப்பிடு.”

ஓம் சித்தி என்றேன்.

நான் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை அண்ணை.

அந்தா, தட்டோட வாறா. நீங்கள் உங்கட காரைப் பற்றி ஏதாவது கதையுங்கோ.